மறைக்கப்பட்ட சாட்சியம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, சாத்தூர், சிவகாசி என விரிந்து கிடக்கும் கரிசல் நாடு வானம் பார்த்த பூமி. குமாரலிங்கபுரம் போன்ற சிற்றூர்கள் பலவற்றின் வாழ்வும் தாழ்வும் மழையோடு பிணைந்தவை. பெய்தால் பருத்தியும் கம்பும் விளையும். பொய்த்தால் கண்மாய் வெடித்து, கருவேலங்காடு ஒன்றே பச்சையாக நிற்கும். இந்த வறட்சிதான் இப்பகுதித் தீப்பெட்டித் தொழிலுக்கு மலிவான கைகளைத் தேடித் தந்தது. 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தொழிலைக் கற்றுவந்த சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊன்றிய வித்து அது. வறண்ட நாட்டுக்கு அது சோறு போட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சோற்றின் சுமையில் பெரும்பகுதியைத் தாங்கியவை பிஞ்சுக் கைகள் என்பதையும் மறுப்பதற்கில்லை.

1970-களிலும் 1980-களிலும் இந்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் சுபுஹு பாங்குக்கு முன்னரே ஒரு பேருந்தின் ஒலி கேட்கும். தீப்பெட்டி ஆபீஸ்கள் அனுப்பும் வண்டி அது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே ஏஜென்டு வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை எழுப்புவார். பெற்றோர் முன்பணம் வாங்கியிருப்பார்கள். உறக்கம் கலையாத சிறுமியர் தூக்குவாளியோடு ஏறுவார்கள். பகலெல்லாம் கட்டை அடுக்கி, பெட்டி ஒட்டி, இருட்டிய பிறகே வீடு திரும்புவார்கள். பதினான்கு வயது நிரம்பாதவர்களைத் தொழிற்சாலையில் வைக்கக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. எனினும் 1980-களில் இத்தொழிலில் இருந்த சிறாரின் தொகையை ஆய்வாளர்கள் நாற்பத்தையாயிரம் அளவில் மதிப்பிட்டனர்.

இங்கே நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பேருந்து மறைவாக ஓடவில்லை. ஊரார் கண்டனர். ஆசிரியர் கண்டனர். அதிகாரிகள் கண்டனர். எல்லாரும் கண்ட ஒன்றை யாரும் சொல்லவில்லை. 1976-இல் ஹர்பன்ஸ் சிங் குழு ஆராய்ந்தது. பின்னர் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். அம்முறையீடு 1996 டிசம்பர் 10-ஆம் நாள் முழுத் தீர்ப்பாகக் கனிந்தது. வேலைக்கு வைக்கப்பட்ட பிள்ளை ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் வீதம் முதலாளி செலுத்த வேண்டும், அத்தொகை அப்பிள்ளையின் நலனுக்குப் பயன்பட வேண்டும் என்று அம்மன்றம் கட்டளையிட்டது. அதற்குள் ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவம் கந்தகத்திலும் பாஸ்பரத்திலும் கழிந்து போயிருந்தது.

பட்டப்பகலில், ஊர் நடுவே நடந்த கொடுமைக்கே இத்தனை காலம் என்றால், பூட்டிய கதவுக்குப் பின்னே, சொந்த பந்தங்களின் நடுவே, ஒரு குழந்தையின் உடலுக்கும் மனத்துக்கும் இழைக்கப்படும் கொடுமை வெளிவர எத்தனை காலமாகும்? அதைச் சொல்ல வேண்டியவர் யார்? சொல்லாதிருப்பது மானமா, பாவமா? இவ்வினாக்களுக்கு வரலாறு தரும் விடையை நம் குடும்பங்கள் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் அறிந்திருந்தனர்

பிள்ளைகளைக் காக்கும் எண்ணம் மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் நம் வரலாற்றை அறியாமையால் வந்தது.

இஸ்லாமிய நகரங்களில் 'முஹ்தஸிப்' என்னும் அலுவலர் இருந்தார். அங்காடியில் நிறையையும் அளவையையும் சரிபார்ப்பது மட்டுமே அவர் பணியென்று பலரும் கருதுவர். பிள்ளைகள் ஓதும் பள்ளிகளும் அவர் கண்காணிப்புக்கு உட்பட்டவையே. கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ என்பார் முஹ்தஸிப்களுக்கென ஒரு கைந்நூல் எழுதினார். எலும்பை முறிக்கும் தடித்த கோலால் ஆசிரியர் மாணவரை அடிக்கலாகாது என்று அதில் வரையறுத்தார். தம் சொந்த வேலைகளுக்கு அவர்களை இழிவாக ஏவலாகாது, ஆளில்லாத தம் வீட்டுக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பலாகாது என்றும் விதித்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று திரும்புபவர் நம்பிக்கைக்குரியவராகவும் மணமானவராகவும் இருத்தல் வேண்டும் என்றார். காலையும் மாலையும் அவர் பிள்ளைகளோடு தனித்திருக்கிறார் என்பதே அதற்கு அவர் கூறிய காரணம்.

எண்ணிப் பாருங்கள்! தீங்கு எங்கிருந்து வரும் என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த அறிஞர் அறிந்திருந்தார். முகமறியாத கள்வனை மட்டும் அவர் அஞ்சவில்லை. பிள்ளையோடு தனித்திருக்க வாய்ப்புள்ள, ஊரார் மதிக்கின்ற மனிதரிடமும் காவல் தேவை என்றார். ஆசிரியத் தொழிலை இழிவுபடுத்த அவர் இப்படி எழுதவில்லை. அதன் கண்ணியத்தைக் காக்கவே எழுதினார். நல்லாசிரியருக்கு இவ்விதிகளால் எந்தக் குறையும் இல்லை.

கொடுமையின் தழும்பு நெடுநாள் நிற்கும் என்பதையும் நம்மவரே முன்னர்க் கண்டனர். வரலாற்றியலின் தந்தை எனப் போற்றப்படும் இப்னு கல்தூன் (1332–1406) தம் 'முகத்திமா'வில், மாணவரிடம் கடுமை காட்டுவதால் விளையும் கேட்டைப் பற்றித் தனி இயலே வகுத்துள்ளார். அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்கும். ஊக்கம் குன்றும். தண்டனைக்கு அஞ்சிப் பொய் பேசவும் வேடமிடவும் அது பழகும். நாளடைவில் அப்பழக்கமே அதன் இயல்பாகிவிடும். அவர் கருத்தின் சாரம் இது. அடிபட்ட நாளோடு அடி முடிவதில்லை, வளர்ந்த மனிதனுக்குள்ளும் அது வேலை செய்துகொண்டே இருக்கிறது என்று பதினான்காம் நூற்றாண்டில் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதி வைத்தார். அறிவியல் அதை அளந்து காட்ட மேலும் அறுநூறு ஆண்டுகளாயின.

இவர்களுக்கெல்லாம் வழிகாட்டி அண்ணல் நபி (ஸல்) அவர்களின் நடைமுறையே. சிறுவராய் வந்து சேர்ந்து, பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அந்நாட்களில் ஒருமுறையேனும் பெருமானார் தம்மைச் சலித்துக் கடிந்ததில்லை என்று நினைவுகூர்ந்தார்கள். பணிவிடைக்கு நின்ற சிறுவரின் மனமும் நோகாமல் காத்த மாநபியின் உம்மத்தினர் நாம்.

செய்தியைச் சுமந்து சென்றவர்கள்

விதிகள் ஏட்டில் இருந்தால் போதுமா? போதாது. கண்டதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஒருவர் வேண்டும். குழந்தைகளைக் காக்கும் சட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால், ஒவ்வொரு திருப்பத்திலும் அப்படி ஒருவர் நிற்பதைக் காணலாம்.

1874-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ஏழைகளின் குடியிருப்பொன்றில் மேரி எல்லன் என்னும் சிறுமி, தன்னை வளர்த்தவளால் நாள்தோறும் அடிபட்டு, அறைக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தாள். அக்கம்பக்கத்தார் அழுகுரல் கேட்டனர். அவர்களுள் ஒருத்தி, ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று தொண்டு புரிந்துவந்த எட்டா வீலர் என்னும் மாதிடம் சொன்னாள். எட்டா வீலர் பல கதவுகளைத் தட்டியும் பயனில்லை. முடிவில், விலங்குகளை வதையிலிருந்து காக்கும் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க் என்பாரிடம் முறையிட்டார். நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட அச்சிறுமியின் உடலில் கசையடித் தழும்புகளும், முகத்தில் கத்தரிக்கோல் கிழித்த காயமும் இருந்தன. வளர்த்தவளுக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. இவ்வழக்கைத் தொடர்ந்து, குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காப்பதற்கென்றே ஒரு சங்கம் அந்நகரில் தோன்றியது. உலகில் அவ்வகையில் முதலாவது எனப்படுவது அதுவே. மேரி எல்லன் பின்னர் மணம் புரிந்து, மக்களைப் பெற்று, தொண்ணூற்றிரண்டு வயதுவரை வாழ்ந்து 1956-இல் மறைந்தார். தம் மகளுக்கு அவர் சூட்டிய பெயர் எட்டா! தனக்காக வாய் திறந்த ஒருவரை ஒரு குழந்தை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலோ, செய்தி வெளிவர ஒரு குழந்தை உயிரையே கொடுக்க வேண்டியிருந்தது. 1889-இல் வங்கத்தில் பூல்மணி என்னும் சிறுமி, முப்பதைக் கடந்த கணவனால் நேர்ந்த கொடுங்காயத்தில் இறந்தாள். அவளுக்கு வயது பத்து அல்லது பதினொன்று. அன்றைய சட்டம் பத்து வயதையே எல்லையாகக் கொண்டிருந்தமையால் அவனுக்குக் கிடைத்தது ஓராண்டுத் தண்டனை மட்டுமே. ஆயினும் அவ்வழக்கில் அச்சிறுமியின் தாயும் வீட்டுப் பெண்களும் நீதிமன்றம் ஏறி, தாம் கண்டதைச் சொன்னார்கள். பெண்கள் வாசல் தாண்டுவதே அரிதாயிருந்த காலம் அது. பெரும் வாதப் போருக்குப் பின், 1891-இல் அவ்வயதெல்லை பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. இன்று நமக்கு அது மிகச் சிறிய அடியாகத் தோன்றலாம். அந்த அடியை எடுத்து வைத்தது ஒரு தாயின் சாட்சியம்.

தமிழகமும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. சிறாருக்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் முதன்முதல் இயற்றப்பட்டது சென்னை மாகாணத்தில்தான், 1920-ஆம் ஆண்டில். பத்தாண்டு கழித்து, பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பித் தம் வாசலுக்கு ஓடிவந்த சிறுமியருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் இல்லத்தையே புகலிடமாக்கினார். அடையாற்றில் பின்னர் தழைத்த அவ்வை இல்லத்தின் வித்து அதுவே. ஓடிவரும் குழந்தைக்குத் திறக்கின்ற ஒரு கதவு வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

உடல் மறப்பதில்லை

குழந்தைதானே, நாளடைவில் மறந்துவிடும் என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஆறுதல். இது உண்மையா?

மருத்துவர்களே நெடுங்காலம் இதைக் காண மறுத்தனர். 1946-இல் ஜான் காஃபி என்னும் எக்ஸ்-ரே நிபுணர், மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்த ஆறு பச்சிளங் குழந்தைகளின் கைகால் எலும்புகளில் முறிவுகளைக் கண்டு எழுதினார். அம்முறிவுகள் எவ்வாறு நேர்ந்தன என்பதற்குப் பெற்றோரிடம் விளக்கம் இல்லை. பெற்றவர் கையே பிள்ளையை முறித்திருக்கும் என்று நினைக்க எவர்க்கும் மனம் வரவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1962-இல் ஹென்றி கெம்ப் என்னும் மருத்துவரும் அவர் தோழர்களும்தாம் அவ்வுண்மைக்குப் பெயரிட்டு, மருத்துவ இதழில் வெளிப்படையாக எழுதினார்கள். அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும், ஐயமுற்ற மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் எனச் சட்டம் செய்தன. ஒரு கட்டுரையின் வலிமை அது!

இன்னொரு செய்தி வியப்பானது. 1980-களில் சான்டியாகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்னும் மருத்துவர், மிகுந்த பருமனுடையோர்க்கு உடல் இளைக்கச் சிகிச்சை அளித்துவந்தார். நன்றாக இளைத்துவந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கண்டு, காரணம் தேடினார். ஒவ்வொருவராக உசாவியபோது, அவர்களுள் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் எனத் தெரிந்தது. பிறர் கண்ணிலிருந்து தப்ப அவ்வுடலே அவர்களுக்கு ஒரு கோட்டையாக இருந்திருக்கிறது! இதைப் பின்பற்றி, பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த பேராய்வின் முதல் முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. அடி, பாலியல் கொடுமை, வீட்டில் வன்முறை, குடிப்பழக்கம் போன்ற இளமைக் காலத் துன்ப வகைகளில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களை, எதுவும் அனுபவியாதவர்களோடு ஒப்பிட்டனர். குடிக்கும் போதைக்கும் அடிமையாதல், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் முன்னவரிடம் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு மிகுந்திருந்தது. இதய நோய் போன்ற உடல் நோய்களும் அவர்களிடம் மிகுதியாய்க் காணப்பட்டன.

இது எவ்வாறு நிகழ்கிறது? ஆபத்து நேர்கையில் உடல் தன்னைக் காக்க விழித்தெழும், இதயம் படபடக்கும், இரத்தத்தில் சில சுரப்புகள் பெருகும். ஆபத்து நீங்கியதும் அவை அடங்கிவிடும். ஆனால் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால், அதுவும் அன்பு காட்ட வேண்டியவரிடமிருந்தே வந்தால், அவ்விழிப்பு அடங்குவதேயில்லை. பிள்ளை உறங்காது. பாடம் மனத்தில் நில்லாது. காரணமின்றிச் சினம் வரும். யாரையும் நம்ப இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்த தீமைக்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்வு அதை அரித்துத் தின்னும். பின்னாளில் அவள் மனைவியாகும்போதும், அவன் தந்தையாகும்போதும் அந்த அரிப்பு தொடரும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இது விதியின் தீர்ப்பன்று. பிள்ளை வாய் திறக்கையில் ஒரு பெரியவர் நம்பினால், கடிந்துகொள்ளாமல் அணைத்துக்கொண்டால், தக்க சிகிச்சைக்கு வழிசெய்தால், காயம் ஆறுவதற்கான வாய்ப்பு மிகவும் கூடுகிறது என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. கொடுமை தந்த காயத்தைவிட, சொல்லியும் நம்பப்படாமற் போன காயம் ஆழமானது என்று கூறும் பாதிக்கப்பட்டோர் பலர்.

நம் நாட்டு நிலை

2007-இல் நடுவண் அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் உசாவியதில், 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அவர்களுள் சிறுமியரைவிடச் சிறுவரின் தொகை சற்றே மிகுதி. ஆண்பிள்ளைக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று அலட்சியமாக இருக்கும் பெற்றோர் இதை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். கொடுமை செய்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர் அல்லது அது நம்பியிருந்தவர். குழந்தைகளில் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவேயில்லை.

அதன் பின்னரே, 2012 நவம்பர் 14-ஆம் நாள் 'போக்சோ' எனப்படும் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலார்க்கும் இது பொது. இச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு நம் ஒவ்வொருவரையும் தொடுகிறது. குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தல் கடமை என்கிறது அது. அறிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தமக்குக் கீழிருப்பவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பள்ளிக்கூடமாயினும் மதரஸாவாயினும் விடுதியாயினும் சட்டம் ஒன்றே. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குத் தொடுக்க இயலாது என்ற காப்பும் அதிலேயே உள்ளது.

காவல் நிலைய வாசலை மிதிப்பதா என்று தயங்குவோர் அறிய வேண்டியவை சில. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை பெண் அதிகாரியே, பதிய வேண்டும். எக்காரணத்தாலும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாகாது. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். குழந்தையின் பெயரையோ குடும்பத்தையோ அடையாளம் காட்டுவது பத்திரிகைக்கும் குற்றம். இவ்விதிகள் எல்லா இடங்களிலும் வழுவாமல் நடக்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு. இலவசத் தொலைபேசி எண் 1098 குழந்தைகளுக்கென்றே உள்ளது; 1996-இல் மும்பையில் சிறு முயற்சியாகத் தொடங்கிய பணி நாடெங்கும் பரவியது.

சட்டம் வந்தபின் நடந்த இரு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். 2018-இல் சென்னை அயனாவரத்தில், பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில், செவித்திறன் குறைந்த ஒரு சிறுமியை அங்கே பணியாற்றியவர்கள் மாதக்கணக்கில் சீரழித்து வந்தமை வெளிவந்தது. நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த வளாகம் அது. அக்குழந்தை மனம் திறந்தது ஊரிலிருந்து வந்திருந்த தன் அக்காளிடம். குடும்பம் மறைக்கவில்லை, காவல்துறைக்குச் சென்றது. 2020 பிப்ரவரியில் பதினைந்து பேர் தண்டிக்கப்பட்டனர்.

மகாராஷ்டிரத்தில் நடந்ததோ இதற்கு மாறானது. விடுதியொன்றில் பழங்குடிச் சிறுமியர் பாதிக்கப்பட்டனர். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் நிகழ்ந்ததை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. அவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அறிந்தும் தெரிவிக்காதிருப்பது கடுங்குற்றம், குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சிக்கு ஒப்பானது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

ஓர் அக்காளின் செவி ஒரு குழந்தையை மீட்டது. படித்த ஒருவரின் மௌனமோ நீதிமன்றத்தில் குற்றச்சாட்டாக நின்றது.

மூடுவதும் மறைப்பதும்

இனி நம் வீடுகளில் எழும் பெரிய தடைக்கு வருவோம். பிறர் குறையை மூடுபவனின் குறையை அல்லாஹ் மூடுவான் என்னும் கருத்துடைய நபிமொழியைச் சிலர் எடுத்துக்காட்டி, வெளியே சொல்லாதீர்கள், குடும்ப மானம் போய்விடும் என்கின்றனர்.

அந்நபிமொழி எதைப் பற்றியது? ஒரு மனிதன் தனக்கும் தன் இறைவனுக்கும் இடையே செய்துவிட்டு, நாணி, திருந்த முயலும் தவற்றைத் தூற்றித் திரியாதே என்பது அதன் கருத்து. பிறருடைய உரிமையைப் பறிக்கும் அநீதியும், தொடர்ந்து தீங்கு செய்பவனின் செயலும் அதில் அடங்கா என்பது மார்க்க அறிஞர்களின் விளக்கம். ஒருவனது குடியை மூடுவது வேறு. அவன் ஒரு குழந்தையின் மீது வைத்த கையை மூடுவது வேறு. முன்னது கருணை, பின்னது துணைபோதல்.

சாட்சியத்தை மறைக்காதீர், மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளானது என எச்சரிக்கிறது திருமறையின் 'பகரா' அத்தியாயம். உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாய் நில்லுங்கள் எனக் கட்டளையிடுகிறது 'நிஸா' அத்தியாயம். மாமன், சாச்சா, அடுத்த வீட்டார், ஊர்ப் பெரியவர் என்ற முறை சாட்சியத்தை மறைக்கக் காரணமாகாது. அநீதி செய்பவனுக்கும் உதவுக, அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது நபிமொழி. அப்படியாயின், புகார் செய்வது குற்றவாளிக்கும் கூடச் செய்யும் கடமையே அன்றோ!

எனவே இது ஜமாஅத்தில் பேசி முடிக்கும் வழக்கன்று. பணம் கொடுத்தோ, மன்னிப்புக் கேட்கச் செய்தோ, அக்குழந்தையையே பின்னாளில் நிக்காஹ் செய்து வைப்பதாகச் சொல்லியோ ஒழிக்கும் காரியமன்று. ஜமாஅத்துப் பெரியவர்கள் செய்யத்தக்க பேருதவி, தயங்கி நிற்கும் அந்தக் குடும்பத்தின் கையைப் பிடித்துக் காவல்துறைக்கும் மருத்துவமனைக்கும் உடன்செல்வதே. ஓதும் பள்ளிகளில் பிள்ளையும் ஆசிரியரும் பிறர் காணும்படி இருக்க ஏற்பாடு செய்வதும், ஷைஸரீ எழுதிய விதியை எண்ணூறு ஆண்டு கழித்தேனும் நிறைவேற்றுவதும் அவர்கள் கடமை.

வீட்டில் நாம் செய்யத்தக்கது எளியது. நேற்றுவரை ஓடிச் சென்ற பிள்ளை இன்று ஓதப் போகமாட்டேன் என்று அழுதால், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டதும் ஒதுங்கினால், உறக்கத்தில் அலறினால், பிரம்பை எடுக்குமுன் காரணம் கேளுங்கள். சொன்னால் முதலில் நம்புங்கள். உன் மீது தவறில்லை என்று சொல்லுங்கள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டு வதைக்காமல், கேட்க வேண்டியவர்களிடம் கொண்டு செல்லுங்கள். கொடுமை செய்தவனை நீங்களே அழைத்துக் கேட்கப் போய், அவன் சான்றுகளை அழிக்கவும் பிள்ளையை மிரட்டவும் இடம் கொடாதீர்கள்.

மீண்டும் கரிசல் காட்டுக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கர் பரப்பில் பெரும் ஜவுளிப் பூங்கா அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வறண்ட மண்ணுக்கு வேலை வருவது மகிழ்ச்சியே. ஆனால் வேலை வரும் இடத்துக்குப் பேருந்துகளும் விடுதிகளும் வரும். ஒரு தலைமுறைக்கு முன் விடியலில் வந்த பேருந்தை ஊரே கண்டு மௌனமாக நின்றது. இனி வரும் பேருந்தில் ஏறுவோர் யார், அவர்கள் வயது என்ன, அவ்விடுதிகளில் அவர்களைக் காப்பவர் யார் என்று கேட்கும் கண்களும் வாய்களும் இம்முறையேனும் இருக்க வேண்டும். வீட்டுக்குள் கேட்கும் அழுகுரலுக்கும் அதே செவி வேண்டும்.

உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம், எந்தப் பாவத்துக்காக நீ கொல்லப்பட்டாய் என்று மறுமை நாளில் வினவப்படும் என்கிறது திருமறையின் 'தக்வீர்' அத்தியாயம். கேள்வி கொன்றவனை நோக்கி எழவில்லை. குழந்தையை நோக்கி எழுகிறது. அன்று அக்குழந்தை பேசும். இவ்வுலகில் நாம் கேட்க மறுத்ததையெல்லாம் அங்கே சொல்லும். நம் வீட்டுப் பிள்ளையும் அங்கே பேசும். அது பேசும்போது, 'இவர்களிடம் சொன்னேன், இவர்கள் எனக்காக எழுந்தார்கள்' என்று நம்மைச் சுட்டிக்காட்டும் பேற்றை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.